நாலாவது ஆணியில் தொங்குபவள்

ஜூன் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு.

கப்பலில் இருக்கிறானே உன் பெரியம்மா மகன், அவன் இரண்டாம் இன்ஜினியர் பரீட்சையை ஒரே தடவையில் முடித்துவிட்டான். கூட எழுதிய ஒன்பது பேரில் நாலு பேர்தான் தேறினார்களாம். அவன் தங்கை பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் வந்துவிட்டாள். போன வாரம் உயிருள்ள மனுஷர் ஒருவருக்கே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறாள். அவர் வெளியே போய், திரும்பி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். உன் மாமாவின் இரட்டைகளில் மூத்தவளுக்குக் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. இளையவளுக்குப் பரிசு இல்லை, ஆனால் வருஷம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாததற்கு ஒரு கோப்பை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை மூத்தவளுடையதைவிட ஒரு விரல்கடை உயரம். அதனால் மூன்று நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் பேரப்பிள்ளைகள் இப்படி ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்து வைக்கிறபோது தெருவில் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மாத்திரைச் சீட்டைக் கேட்பதில்லை, இந்த வாரம் யார் பாட்டி என்றுதான் கேட்கிறார்.

முன்னறைச் சுவரில் இரட்டைகளுக்கும் ஆணி அடித்தாகிவிட்டது. வரிசை நிறைந்துவிட்டது. ஆகஸ்டில் பெரியவன் கப்பலிலிருந்து இறங்குகிறான். அன்று எல்லாரையும் ஒன்றாக நிறுத்திப் பெரிய படம் ஒன்று எடுக்க வேண்டும். நீதான் எடுக்க வேண்டும், நீயும் அதில் நிற்க வேண்டும். அதற்கு ஏதோ பத்து எண்ணும் வசதி இருக்கிறது என்று சொன்னாயே.

இப்போது மற்றது. திங்கள்வரை இருப்பேன் என்று வந்தவள் சனிக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். வேலை என்றாய். உன் அம்மா நம்பினாள், நான் நம்பவில்லை. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதம் என்றால் பிரித்துத்தானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன். யார் என்ன சொன்னார்கள்? மாமா ஏதாவது கேலி செய்தானா? சொல், கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. நீ போன மறுநாள் தூசி தட்டும்போது பார்த்தால், நாலாவது ஆணியில் உன் பட்டமளிப்புப் படத்தில் மட்டும் ஈரம் பூத்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சட்டத்தைக் கழற்றி, பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மெல்ல மெல்லத் துடைத்தேன். நல்லவேளை, உள்ளே இறங்கியிருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் படம் பளிச்சென்று ஆகிவிட்டது. நீ கவலைப்படாதே.

உன்
பாட்டி


ஜூன் 12

பாட்டிக்கு,

போனை எடுக்காதது தப்புத்தான். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். கடிதத்தில் கத்த முடியாது, அதனால் இது நல்லது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

அது ஈரம் இல்லை பாட்டி. நான்தான் வரைந்தேன்.

வந்த மறுநாளிலிருந்து, காலையில் நீங்கள் முட்டிவலிக்குக் கிளினிக்குக்கும் இரட்டைகள் கோடை வகுப்புக்கும் போன பிறகு, படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துக்கொள்வேன். ஜன்னல் கம்பியில் அம்மாவின் கைக்கண்ணாடியைக் கட்டியிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, படத்தில் இருப்பவளுக்கு வரைந்தேன். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் தலைக்குள் ஒரு தடவை திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வெள்ளையை வைத்தால் சுண்ணாம்பு அப்பியதுபோல இருக்கிறது. கொஞ்சம் ரோஸ், பல்குச்சி முனையளவு மஞ்சள் சேர்த்தால்தான் என் தோல் வருகிறது. ஓரம்தான் கஷ்டம். கடற்கரைபோல வளைந்து வளைந்து போகும். இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷில் மூன்று காலை ஆயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் காய்ந்ததும் மாட்டினேன். நீங்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நாலைந்து விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் அதன் கீழே உட்கார்ந்து இரட்டைகளுக்குத் தலை பின்னினீர்கள். மாமா அதன் கீழே படுத்துப் பேப்பர் படித்தார். அம்மா பக்கத்து ஆணியில் சாவியை மாட்டினாள். வெள்ளியும் போயிற்று. சனிக்கிழமை நான் கிளம்பிவிட்டேன்.

பட்டம் வாங்கிய அன்று அந்த முகத்தோடுதான் மேடை ஏறினேன். எல்லாரும் பார்த்தார்கள். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, என் பெயரைச் சொன்னபோது எழுந்து நின்றீர்கள். அதே சாயங்காலம் ஸ்டுடியோவில் எடுத்த படம் வீட்டுக்கு வந்தபோது அதில் வேறு ஒருத்தி இருந்தாள். மூக்கு என்னுடையது, அங்கி என்னுடையது, தோல் யாருடையதோ. மூன்று வருஷமாக அவளை என் பெயர் சொல்லி எல்லாருக்கும் காட்டுகிறீர்கள்.

அவள் அங்கே தொங்கும் வரை என்னால் அந்த அறையில் உட்கார முடியாது. ஆகஸ்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தண்ணீரில் போகிற வண்ணத்தில்தான் வரைந்தேன். போகாத வண்ணமும் என் பெட்டியில் இருந்தது. உங்கள் படத்தை உங்களைக் கேட்காமல் நிரந்தரமாக மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

சுண்டு


ஜூன் 20

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம் வந்தது.

ஆமாம், சொன்னது நான்தான். நீ அங்கியைக் கழற்ற உள்ளே போயிருந்தாய். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் உன் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, சரி செய்துவிடவா என்றார். சரி செய் என்றேன். அவர் எல்லாருக்கும் செய்கிறார். என் கழுத்துச் சுருக்கத்தை எடுத்து என்னை உன் அம்மாவுக்குத் தங்கையாக்கி வைத்திருக்கிறார், நான் என்ன சண்டைக்கா போனேன்?

உனக்குப் பதினைந்து வயதில் முதல் வெள்ளைப் புள்ளி வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போனது யார்? வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். நான் நிம்மதியாக எழுந்து வந்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் டாக்டர்கள் இல்லை. வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள். பிறகு உன் அம்மாவைப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வை இருக்கிறதே, அதை நீ பார்த்ததில்லை. அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள், வெளியே சத்தம் கேட்காமல் இருக்க. என் மகள் அப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தேன். உன்னை மறைக்க நினைக்கவில்லை. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

துடைத்தது ஈரம் என்று நினைத்துத்தான். சத்தியமாக. மூன்று காலை உட்கார்ந்து வரைந்தாய் என்று தெரிந்திருந்தால் கை வைத்திருப்பேனா? நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவரில் மாட்டிவிட்டு, யார் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்று பரீட்சை வைத்தால், அஞ்சாம் வகுப்புக்காரி எப்படித் தேறுவேன்?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், நீ பதில் சொல். உன் வேலை என்ன? சட்டை விற்கிற படத்தில் நிற்கும் பெண்ணுக்குப் பருவை அழித்தேன், ஒருத்திக்குத் தழும்பை எடுத்தேன், தட்டில் இருந்த கீறலை மூடினேன் என்று நீதானே இரட்டைகளுக்குச் செய்துகாட்டினாய்? அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஊராருக்குச் செய்தால் தொழில், பாட்டி செய்யச் சொன்னால் குற்றமா?

படம் இருக்கிற இடத்தில் இருக்கும். நாலாவது ஆணி காலியாக இருந்தால், அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பார்கள்.

நீ விட்டுப்போன குடையை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே மழை என்று டிவியில் சொன்னான். நனையாதே.

பாட்டி


ஜூலை 4

அன்புள்ள பாட்டி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஒரு நாளைக்கு அறுபது படம் திருத்துகிறேன். அதில் குறைந்தது இருபது முகம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவனை நாங்கள் இஸ்திரி என்று கூப்பிடுவோம், துணிச் சுருக்கம் எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். எங்க பாட்டி என்னைக் கேள்வி கேட்டு மடக்கிட்டாங்க என்றேன். பாட்டி பலமான பார்ட்டிதான் போல என்றான்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த அன்று அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த எல்லாருடைய படத்தையும் அளவாக வெட்டும் வேலை முதல் வேலையாக என்னிடமே வந்தது. மற்றவர்களை வெட்டினேன். என் முறை வந்தபோது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துவிட்டேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டுடியோக்காரரைவிட நன்றாகவே செய்தேன். இரண்டு வருஷம் அவளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் அலுவலகம் போனேன். வாசல் காவலாளிகூட அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்ததில்லை.

எனக்கென்று வேறொரு வேலையைத் தொடங்கினதும் அதனால்தான். அதை உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, முகத்தை மட்டும் படம் எடுக்கிறேன். ஒரே இடம், ஒரே வெளிச்சம். மாதத்துக்கு ஒன்றைச் சொரசொரப்பான தாளில் அச்செடுத்து, வெள்ளை எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் வண்ணத்தால் கோடு போடுகிறேன். முதல் மாதம் நீலம், அடுத்தது பச்சை. பிறகு அந்தத் தாளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, போன மாதத்துப் படத்தின் மேல் வைக்கிறேன், கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல. அதில் எதையும் அழிப்பதில்லை என்று ஒரு விதி. பதினாலு மாதம் ஆகிவிட்டது. கோடுகள் எல்லாம் சேர்ந்து, தண்ணீர் வற்றும்போது குளத்துக் கரையில் படிந்து நிற்குமே, அப்படி இருக்கிறது. சில மாதம் வெள்ளை நகர்ந்திருக்கிறது. சில மாதம் அசையவே இல்லை. ஒரு மாதம் ஓர் இடத்தில் பின்வாங்கிக்கூட இருக்கிறது. முன்பெல்லாம் கண்ணாடியைப் பார்க்காமலே தலை வாரிக்கொள்வேன். இப்போது இந்த மாதம் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அட்டையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்து அம்மா பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கு, ஏன் என்றார். அது வேற ஆளு மேடம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அதனால் உங்கள் மேல் கோபப்படும் உரிமை எனக்குப் பாதிதான். நான் செய்யாததை உங்களைச் செய்யச் சொன்னேன். படத்தை எடுங்கள் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கீழே வந்து உட்காரவும் என்னால் முடியாது பாட்டி. ஆகஸ்டுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. இதில் கோபம் இல்லை. அம்மா குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள்
சுண்டு


ஜூலை 19

என் சுண்டுவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதை எப்படியாவது முடிக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். சரி செய்வதற்கு முன்னால் எடுத்த படத்தை அச்செடுத்துத் தா என்றேன். அவர் சிரித்தார். "பாட்டி, மூணு வருஷத்துக்கு முந்தினதெல்லாம் யாரு வச்சிருப்பாங்க? சரி பண்ணினது மட்டும்தான் இருக்கு, வேணும்னா இன்னும் பெருசாப் போட்டுத் தரேன்" என்றார். சரி பண்ணினதுதான் வீட்டில் இருக்கிறதே என்று வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஒன்று தோன்றியது. நான் துடைத்ததை நானே திரும்ப வைத்துவிட்டால் என்ன? நீ ரோஸ், மஞ்சள், மெல்லிய பிரஷ் என்று விவரமாக எழுதியிருந்தாய். இரட்டைகளின் வண்ணப்பெட்டி இருக்கிறது. மூத்தவளிடம் கேட்டு வாங்கி, நீ உட்கார்ந்த அதே சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். சட்டத்தைக் கழற்றினேன். தட்டில் வெள்ளையைக் குழைத்தேன். நிறம்கூட ஏறக்குறைய வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பிரஷ்ஷைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இடது பக்கமா, வலது பக்கமா? கண்ணுக்குக் கீழேயா, வாயோரமா? நெற்றியில் இருக்கிறதா இல்லையா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். உன் பின்னல் வருகிறது, உன் பல் வருகிறது, நீ கோபத்தில் மூக்கை விடைப்பது வருகிறது. இது மட்டும் வரவில்லை. பிரஷ்ஷில் வண்ணம் காய்ந்துவிட்டது. நான் உன்னைக் குளிப்பாட்டினவள், உனக்கு எட்டு வருஷம் தலை வாரினவள். ஐந்து பேரப்பிள்ளைகளின் மார்க்கையும் பரிசையும் தேதியோடு ஒப்பிப்பேன். உன் முகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. துடைத்த அன்றுகூட எங்கே துடைக்கிறோம் என்று பார்க்காமல் முழுப் படத்தையும் வட்டமாகத் துடைத்திருக்கிறேன்.

உன் அம்மாவைக் கேட்டேன். இடது கன்னம் என்றாள். பிறகு வலதோ என்றாள். பிறகு ஏன் கேக்கிறே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவைக் கேட்டேன். இரண்டு கண்ணையும் சுற்றி என்று நிச்சயமாகச் சொன்னான். மாமி, கழுத்தில் மட்டும்தானே என்றாள். வீட்டில் ஆளுக்கொரு முகம் வைத்திருக்கிறோம். எல்லாரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருக்கிறோம். நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதற்கு இப்போதுதான் எனக்குக் காரணம் முழுசாகப் புரிகிறது.

கோப்பை வாங்கினவளை மட்டும் கடைசியாகக் கேட்டேன். அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள், "வாய்கிட்ட ஒண்ணு இருக்கும் பாட்டி. அக்கா சிரிச்சா அது மேலே போகும்." எந்தப் பக்கம் என்று கேட்டேன். தன் முகத்தில் தொட்டுக் காட்டினாள். வீட்டில் இருக்கிற உன் மற்ற படங்கள் எல்லாம் பதினைந்து வயதுக்கு முந்தியவை, அது உண்மைதானா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை.

படத்தை எடுத்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, உன் அம்மாவும் சேர்ந்துதான் எடுத்தாள். மூன்று நாளாக ஆணி காலியாக இருக்கிறது. நேற்று மூன்றாம் வீட்டு அம்மா வந்தவள், அந்தப் பெண் படம் எங்கே என்றாள். அது சரியில்லாத படம், எடுத்துட்டோம் என்று நான் சொன்னேன். உன் அம்மா சமையலறைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்று, "அவளே ரொம்ப நல்லாப் படம் எடுக்கிறா, அவ எடுத்தது வரட்டும்" என்றாள். எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்டுக்கு நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். கட்டாயப்படுத்த மாட்டேன். வந்தால் நான் உன்னை உற்று உற்றுப் பார்ப்பேன், அதற்கு மட்டும் கோபித்துக்கொள்ளாதே. வராவிட்டாலும் இதை எனக்குச் செய். அந்தக் கோடு போட்ட படங்கள் உன்னுடையவை, அவற்றை நீ எப்போது காட்ட நினைக்கிறாயோ அப்போது காட்டு. எனக்கு முதலில் கோடு இல்லாத ஒன்று வேண்டும். ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து எடுப்பாயே, அதுபோல. முகம் மட்டும், பெரிதாக, வெளிச்சத்தில். சிரித்தபடி ஒன்றும் சிரிக்காமல் ஒன்றும் எடுத்தால் இன்னும் நல்லது, சின்னவள் சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்வேன். போனில் அனுப்பாதே, மாமா விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். தாளில் வேண்டும். வளையாமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து, பின்னால் பேனாவால் அழுத்தி எழுதாமல், சீக்கிரம் தபாலில் போடு.

பாட்டி